எறிமதிப்பில் பிறந்த ஹாட் ராட்

தேய்மானக் கணக்கு போட்டவர்களுக்கு 'எறிமதிப்பு' என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். ஒரு இயந்திரம் உழைத்து ஓய்ந்த பிறகு பழைய இரும்புக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ, அது. அடக்க விலையிலிருந்து அதைக் கழி, ஆயுட்காலத்தால் வகு, ஐந்து மதிப்பெண். அதற்கப்புறம் அந்த இயந்திரம் என்ன ஆனது என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. போன மாதம் அமெரிக்க ஹாட் ராட் கார்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், எறிமதிப்புக்குப் பிறகும் ஒரு பெரிய கதை இருக்கிறது என்று புரிந்தது. (எனக்கு கார் ஓட்டத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.)

ஹாட் ராட் என்றால் என்ன? பழைய காரை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு வண்டியின் பெரிய இஞ்சினை உள்ளே பூட்டுவது. சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் இஞ்சின் வைப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கலிஃபோர்னியாக்காரர்கள் இதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார்கள்.

அதற்கு மூலப்பொருள் கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டு. மாடல் டி கார் 1908-ல் வந்தபோது டூரிங் வகையின் விலை 850 டாலர். டூரிங் கார் என்பது ஐந்து பேர் உட்காரும் திறந்த குடும்ப வண்டி. மேலே மடக்கும் துணிக்கூரை, பக்கத்தில் கண்ணாடி கிடையாது. 1925-ல் அதே டூரிங் 290 டாலர். ஃபோர்டு தொழிற்சாலையில் 1919 முதல் குறைந்தபட்ச தினக்கூலி 6 டாலர். அதாவது, 49 நாள் கூலியில் ஒரு புதுக்கார்! காரின் விலையைக் குறைத்தவர்தான் கூலியையும் உயர்த்தினார் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

புது வண்டியே இந்த விலை என்றால் பழைய வண்டியை யார் மதிப்பார்கள்? 1927-ல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடி மாடல் டி செய்து முடித்திருந்தார்கள். அதன் இடத்துக்கு மாடல் ஏ வந்தது. 1929-ல் பங்குச் சந்தை விழுந்து பெருமந்தம் தொடங்கியது. 20 குதிரைத்திறன், முன்னோக்கி இரண்டே கியர், மணிக்கு எழுபது கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும் வண்டி. கணக்குப் புத்தகத்தில் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

பணமில்லாத பையன்களுக்கு அங்கேதான் கதவு திறந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மியூராக் என்று ஒரு வறண்ட ஏரி. மைல்கணக்கில் தட்டையான, கெட்டிப்பட்ட தரை. அங்கே போய் வேகம் பார்த்தார்கள். ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-ல் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. அதே 1937-ல், அதே லாஸ் ஏஞ்சலஸில், பழங்கால கார்களைப் பிறந்த கோலத்திலேயே காப்பாற்றுவதற்காக ஹார்ஸ்லெஸ் கேரியேஜ் கிளப் என்று இன்னொரு சங்கமும் தொடங்கியது. ஒரே வருடம், ஒரே ஊர். ஒரு கூட்டம் பழைய காரைக் கழற்றிக் குறைக்க, இன்னொரு கூட்டம் ஒரு திருகாணி கூட மாறக்கூடாது என்று பாதுகாக்க! (அந்தக் கிளப் இன்று 1916-க்கு முந்தைய கார்களுக்குத்தான். நம் கதையின் கார் அதற்குப் பிந்தையது.)

ஏரிக்குப் போனவர்களுக்குப் பிடித்தது டூரிங் அல்ல, ரோட்ஸ்டர். இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி, எடை குறைவு, பார்க்கவும் எடுப்பு. டூரிங்கில் பின்சீட்டு என்ற வீண் சுமை இருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள் கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு வண்டியில் எவன் ரேஸுக்குப் போவான்? தேவை இல்லாத சரக்கு விலை போகாது. முதல் வருட எகனாமிக்ஸ்தான், வேறொன்றுமில்லை.

பிறகு போர். 1942 பிப்ரவரியோடு அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. பழைய இரும்பு சேகரிப்பு இயக்கத்தில் கொல்லைப்புறத்தில் கிடந்த எத்தனையோ பழைய கார்கள் உலைக்குப் போயின. மியூராக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். போர் முடிந்து திரும்பிய இளைஞர்களிடம் கொஞ்சம் பணமும் நிறைய இயந்திர அறிவும் இருந்தன. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபில், கேடிலாக் கார்களில் புதுவகை வி-8 இஞ்சின்களைக் கொண்டுவந்தது.

இந்த இடத்தில்தான் நார்ம் கிரபோவ்ஸ்கி வருகிறார். இவர் 1950-களின் தொடக்கத்தில் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. எடுத்துக்கொண்டது 1922 மாடல் டி டூரிங். முன்சீட்டுக்குப் பின்னால் அதை இரண்டாக வெட்டினார். முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னால் மாடல் ஏ பிக்கப் லாரியின் சரக்குத் தொட்டியை வெட்டிக் குட்டையாக்கி ஒட்ட வைத்தார். முன்னால் 1952 கேடிலாக் வி-8. அந்த வருட கேடிலாக்கில் இந்த இஞ்சினின் சக்தி 190 குதிரைத்திறன். 20 இருந்த இடத்தில் 190! ஒதுக்கித் தள்ளப்பட்ட ஐந்து பேர் வண்டி, வாளி மாதிரி ஒரு இருவர் வண்டியாகிவிட்டது. இந்த உருவத்துக்கு 'டி-பக்கெட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு அப்படியல்ல. அந்தக் காலத்து பாடி என்பது மரச்சட்டத்தின் மேல் போர்த்திய தகடு. முப்பது வருடத்தில் மரம் உளுத்துப் போயிருக்கும், அதற்குப் பதில் இரும்புச் சட்டம் வைக்க வேண்டும். மாடல் டி-யின் சேசிஸ் பெரிய இஞ்சினைத் தாங்காது, அதனால் மாடல் ஏ சேசிஸையோ 1932 ஃபோர்டின் சேசிஸையோ தேடுவார்கள். பிரேக் நிலைமை இன்னும் மோசம். காலால் மிதித்தால் கியர்பெட்டிக்குள் ஒரு பட்டை இறுகும், அவ்வளவுதான். ஆகவே 1939-க்குப் பிந்தைய ஃபோர்டுகளின் ஹைட்ராலிக் பிரேக்கைக் கழற்றி மாட்டினார்கள். இன்னொரு வேடிக்கை: அமெரிக்காவில் செய்த அந்தக் கால டூரிங்கில் ஓட்டுநர் பக்கம் கதவே கிடையாது. தகட்டில் கதவு மாதிரி கோடு மட்டும் அழுத்தியிருப்பார்கள். ஓட்டுபவர் மறுபக்கம் ஏறி நகர்ந்து வரவேண்டும், இல்லையென்றால் தாண்டிக் குதிக்க வேண்டும். :-)

கிரபோவ்ஸ்கியின் வண்டி 1955 அக்டோபர் ஹாட் ராட் பத்திரிகையின் அட்டைப்படமானது. 1958-ல் தொடங்கிய '77 சன்செட் ஸ்ட்ரிப்' தொலைக்காட்சித் தொடரில் குக்கி என்ற பாத்திரம் அதை ஓட்ட, நாடு முழுக்கப் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்தது. அவர்களால் கேடிலாக் இஞ்சினுக்குச் செலவழிக்க முடியாது. ஆனால் 1955-ல் வந்த செவ்ரோலே சின்ன வி-8 மலிவு, எடையும் குறைவு. விபத்தில் நொறுங்கிய கார்களோடு அது பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. இடித்துக்கொண்ட ஒருவரின் நஷ்டம், இன்னொருவரின் இஞ்சின்.

இவர்கள் சரித்திரத்தை நாசம் செய்துவிட்டார்கள் என்பது பழைமை காப்பவர்களின் குற்றச்சாட்டு. எனக்கு இதில் ஒரு பாதிதான் உடன்பாடு. 1930-களிலும் 40-களிலும் இவர்கள் கை வைத்திராவிட்டால் அந்த வண்டிகளில் பல உலைக்குத்தான் போயிருக்கும். ஆனால் பின்னாளில், ஒழுங்காக நின்ற டூரிங்குகளையும் குக்கியைப் பார்த்து வெட்டியவர்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. 1950-களின் பிற்பகுதியில் ஃபைபர்கிளாஸ் பாடிகள் விற்பனைக்கு வந்தபின் வெட்டவேண்டிய அவசியமும் குறைந்தது. இன்று ஓடும் டி-பக்கெட்டுகளில் பெரும்பாலானவை ஃபைபர்கிளாஸ்தான், ஃபோர்டு தொழிற்சாலையின் தகடு ஒரு துண்டு கூட இருக்காது. கேட்டலாக்கைப் பார்த்துப் பணம் கட்டினால் பெட்டியில் வரும். உண்மையைச் சொன்னால், அதைப் படித்தபோது எனக்குச் சுவாரசியம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

இதையெல்லாம் கேன்டீனில் என் வகுப்புத் தோழனிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேய், அஞ்சு பேர் போற வண்டிய ரெண்டு பேர் போற வண்டியா வெட்டிருக்கான். இத லாபத்துல எழுதுவியா, நஷ்டத்துல எழுதுவியா?" என்றான். டீ ஆறும்வரை யோசித்தும் எந்தப் பக்கம் பற்று வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.