ஆடுமகளும் அணியும்: மகளிர் சீருடற்பயிற்சி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டும் ஆடுமகளைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அவளது தளர்நடையை மயிலுக்கு உவமையாக்குகின்றார். நற்றிணையின் தொண்ணூற்றைந்தாம் செய்யுளில், வாச்சியங்கள் முழங்க அவள் நடந்துபோன கயிறு, பின்னர் குரங்குக் குட்டி தொங்கியாடும் ஊசலாகின்றது. இன்றைய சீருடற்பயிற்சிப் போட்டிகளிற் பெண்கள் ஏறி ஆடும் சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்ரிமீற்றர். நீளம் 5 மீற்றர். நிலத்தினின்றும் அதன் உயரம் 1.25 மீற்றர். பழந்தமிழ் ஆடுமகளுக்கு இந்தப் பத்துச் சென்ரிமீற்றர்தானும் வாய்த்ததில்லை.

அவளுக்கு வாய்க்காதது இன்னொன்றும் உண்டு, அது மதிப்பு. ஊரூராகச் சென்று பிழைத்த அவளுடைய கலை பிற்காலத்திற் கழைக்கூத்தாடிகளின் கையில் தங்கிற்று. மனையுறை மகளிர்க்கு உரியவையாகக் கருதப்பட்டவை பந்தும் கழங்கும் ஊசலும் குரவையுமே. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் எழுவர் மங்கையர் கைகோத்து ஆடுகின்றனர். ஆக, உடலின் அரிய வல்லமை தனியொருத்தியிடத்தும், கூடியாடும் இன்பம் குழுவினிடத்தும் பிரிந்து நின்றன. இவ்விரண்டும் ஓரிடத்துக் கூடியதே மகளிர் சீருடற்பயிற்சி அணியின் வரலாறு எனலாம். கூடியவை மீண்டும் பிரிந்ததும் அவ்வரலாற்றைச் சேர்ந்ததே.

அவை கூடிய இடம் நம் நாடன்று. 1811-இல் ஜெர்மானியராகிய யான் என்பவர் பேர்லின் நகர்ப்புறத்திற் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்துச் சட்டங்களிலும் கம்பங்களிலும் இளைஞரைப் பழக்கினார். 1813-இல் ஸ்டொக்ஹோம் நகரிற் பேர் ஹென்றிக் லிங் நிறுவிய அரச உடற்பயிற்சிக் கழகமோ வேறு நெறி பற்றியது. ஆடம்பரமில்லாத ஒழுங்கான அசைவுகளால் உடலை நேராக வளர்ப்பதே லிங்கின் நோக்கம். அக்கழகத்திற் கற்ற மார்த்தினா பேர்க்மன் என்னும் சுவீடன் நாட்டு மாது 1881-இல் இலண்டன் பாடசாலைச் சபையின்கீழ்ப் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கு மேற்பார்வையாளராக நியமனம் பெற்றார். 1885-இல் அவர் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி 1895-இல் டார்ட்ஃபோர்ட் என்னும் ஊருக்கு மாறியது. இறுக்கிக் கட்டிய இடையும் தரை தொடும் பாவாடையுமாக இருந்த ஆங்கிலப் பெண்கள் முழங்காலளவு சட்டை அணிந்து கயிறேறக் கற்றது அம்மாதிடத்திலேயே. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் பெண்களுக்கேற்றவாறு மாற்றம் பெற்று வலைப்பந்தாட்டமாக உருக்கொண்டதும் அக்கல்லூரியைச் சூழ்ந்தே. அதன் விதிகள் 1901-இல் அச்சேறின.

ஆங்கிலப் பள்ளிமுறையோடு இவ்விரண்டும் இலங்கையை அடைந்தன. உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824-இலேயே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தனர். சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் நிறுவினார். கொழும்பில் வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயமும் கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடமும் தத்தம் சமயச் சூழலிற் பெண் கல்வியை வளர்த்தன. இத்தகைய பாடசாலைகளிற் பரவி வேரூன்றியவை கூட்டு உடற்பயிற்சியும் வலைப்பந்தாட்டமும் ஆகும். சட்டமும் கட்டையும் தாவுமேசையும் அவ்வாறு பரவவில்லை.

காரணத்தைத் தேட நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. வலைப்பந்தாட்டத்துக்கு இரு கம்பங்களும் இரு வளையங்களும் ஒரு பந்தும் போதும். மழையில்லாத மாலையில் முற்றமே களமாகும். சீருடற்பயிற்சிக்கோ கூரையுள்ள மண்டபம் வேண்டும், மெத்தைகள் வேண்டும், வேறெதற்கும் உதவாத கருவிகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, விழும் பிள்ளையைத் தாங்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். 1945-இல் இலவசக் கல்வி வந்தபின் பாடசாலைகளிற் பிள்ளைகளின் தொகை பெருகிற்றேயன்றி அவற்றின் நிலப்பரப்புப் பெருகவில்லை. எண்ணெய்த் தாங்கிகளும் நெருங்கிய குடியிருப்புகளும் சூழ்ந்த கொலன்னாவை போன்ற பகுதிகளில் ஓட்டப் பாதைக்கே இடம் தேடவேண்டிய நிலை. ஆயினும் ஆண்டுத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக வரிசை வரிசையாய் நின்று, மேளத்துக்கோ இசைக்கோ ஒருசேரக் கையுயர்த்திக் குனிந்து நிமிரும் மாணவியரின் உடற்பயிற்சிக் கண்காட்சியைக் காண்போர், அது லிங்கின் வழிவந்தது என்பதை உணர்வதில்லை. வலைப்பந்தாட்டமோ இந்நாட்டுப் பெண்களின் சொந்த ஆட்டம் போலவே ஆகிவிட்டது. யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கம், 208 சென்ரிமீற்றர் உயரமுடைய வீராங்கனை, 2009-இலும் 2018-இலும் ஆசிய வெற்றிக்கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர்.

மேலைநாட்டிற் சீருடற்பயிற்சி போட்டியாக வளர்ந்தது. ஒலிம்பிக்கிற் பெண்கள் முதன்முதல் அதிற் போட்டியிட்டது 1928-இல், அம்ஸ்டர்டாம் நகரில். அப்போது தனியொருத்திக்குப் பதக்கமில்லை, அணிக்கு மட்டுமே. ஒல்லாந்து அணி முதலிடமும், இத்தாலி இரண்டாமிடமும், பிரித்தானியா மூன்றாமிடமும் பெற்றன. இத்தாலி அணியில் இருந்த லுயிஜினா ஜியாவொத்திக்கு வயது பன்னிரண்டுகூட நிரம்பவில்லை. வென்ற ஒல்லாந்து அணியில் ஐவர் யூதப் பெண்கள். பயிற்றுநர் கெரிற் கிளேர்கோப்பரும் யூதரே. பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1943-இல், அவ்வைவருள் ஹெலினா நோர்தைம், அன்னா போலாக், யூதிக்கே சீமொன்ஸ் ஆகிய மூவரும் பயிற்றுநரும் சோபிபோர் கொலைக்களத்தில் நாஸிகளாற் கொல்லப்பட்டனர். எஸ்தெல்லா அக்ஸ்தரிப் அவுஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். எல்கா டி லெவி ஒருவரே எஞ்சினார். ஒல்லாந்தின் கொடியை உயர்த்திய கைகள் என்பது அவர்களைக் காக்கவில்லை.

1952-இல் ஹெல்சிங்கியில் தனிப்பதக்கங்கள் புகுந்தன. அன்று தொடங்கி மக்களின் கண் அணியை விட்டுத் தனியொருத்தியின்மேற் சென்றது. ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெத்தி, தந்தையை அவுஷ்விட்ஸிற் பறிகொடுத்துத் தாம் மறைந்து வாழ்ந்து உயிர்பிழைத்தவர், 1956-இல் மெல்போர்னில் முப்பத்தைந்தாம் வயதில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்; 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 103 வயதில் மறைந்தார். அவருக்குப் பின் வயது குறைந்துகொண்டே போயிற்று. 1976-இல் மொன்றியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் முதன்முதலாகப் பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்றபோது அவருக்கு வயது 14. புள்ளிப் பலகையிற் பத்தைக் காட்ட இடமில்லாமையால் 1.00 என்றே காட்டப்பட்டது. அவ்வியப்பின் மறுபக்கம் சிறு பிள்ளைகளை வருத்திப் பயிற்றும் வழக்கம். குறைந்த வயது 1981-இற் பதினைந்தாகவும் 1997-இற் பதினாறாகவும் உயர்த்தப்பட்டமை இதனைத் தடுக்கும் பொருட்டே. 2006-இற் பத்து என்னும் மேலெல்லையும் சர்வதேசப் போட்டிகளினின்று நீங்கிற்று. கடினத்துக்கு வேறு, செய்நேர்த்திக்கு வேறு எனப் புள்ளி கணிக்கும் முறை வந்தது.

பத்தையும் அணியையும் ஒருங்கே காத்துவரும் இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்கப் பல்கலைக்கழகம். 1972-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு, அரச நிதி பெறும் கல்வி நிலையங்களிற் பால்வேற்றுமை காட்டுதலைத் தடுத்தது. அதன் விளைவாகப் பெண்களின் அணிகள் பெருகின. தேசியக் கல்லூரிகள் விளையாட்டுக் கழகத்தின் முதலாவது மகளிர் சீருடற்பயிற்சி வெற்றிப்போட்டி 1982-இல் நடந்தது. யூட்டா பல்கலைக்கழகம் வென்றது.

அங்கே போட்டிக்காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஆனால் அணியின் உண்மையான வேலை அதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே நடைபெறுகின்றது. விடுமுறை கழிந்து வரும் மாணவியர் முதற்கண் உடல்வலுவை மீட்கின்றனர்: கயிறேறல், கைகளில் நிற்றல், ஓட்டம். பின்னர் ஒவ்வோர் அசைவும் தனித்தனியே, மென்மெத்தைமீதும் நுரைத்துண்டுகள் நிரப்பிய குழியிலும், பழக்கப்படுகின்றது. சமநிலைக் கட்டையில் உயரத்துக்கு ஏறுமுன் தரையோடு வைத்த தாழ்ந்த கட்டையில் நூறுமுறை நடக்கவேண்டும். அடுத்துப் பாதி ஆட்டம்; அதன்பின் முழு ஆட்டம்; டிசம்பரில், ஆண்டு முடியுமுன், அணியினர் தமக்குள்ளேயே நடுவர் முன்னிலையில் ஒத்திகை பார்க்கின்றனர். படிப்புக் கெடாதிருக்கும் பொருட்டுப் போட்டிக்காலத்திற் பயிற்சி கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. பிற காலத்தில் எட்டு மணித்தியாலமே.

இத்தயாரிப்பு முழுவதும் எதற்காக என்பதை ஒரு கணக்குக் காட்டும். தாவுமேசை, ஏற்றத்தாழ்வுச் சட்டங்கள், சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி ஆகிய நான்கிலும் அணிக்கு அறுவர் ஆடுவர். அவர்களுள் உயர்ந்த ஐவரின் புள்ளிகளே கூட்டப்படும். ஒவ்வொருவருக்கும் உச்சம் பத்து. ஆகவே அணியின் உச்சம் 200. ஆறாவது புள்ளி கணக்கில் வாராமையால் ஒருத்தி விழலாம். விழுந்த தோழியை ஐவர் தாங்கிக்கொள்வர். இரண்டாமவளும் விழுந்தால் மட்டுமே அணிக்கு இழப்பு. பயிற்றுநர் தளம்பாதவளை முதலிலும் வல்லவளை இறுதியிலும் நிறுத்துவது இதனாலேயே. முதல்வள் நின்றால் பின்வருவோர் அச்சமின்றி ஆடுவர். ஒலிம்பிக் அணி இறுதிப் போட்டியிலோ ஒவ்வொரு கருவியிலும் மூவர் ஆட, மூவரின் புள்ளியும் கூட்டப்படும். அங்கே எவரும் விழலாகாது. இவ்விரு விதிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எண்ணிக்கையளவில் அற்பமே. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் நெஞ்சில் அது எத்துணை பெரிது என்பதை விளையாடியவர் அறிவர்.

எனினும் பல்கலைக்கழக அணியென்றாலே ஒருத்திக்குப் பாதுகாப்பு என்று எண்ணிவிடுதல் தவறு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்கத் தேசிய அணியிலும் வைத்தியராயிருந்த லரி நாசர் பல ஆண்டுகளாக இளம்பெண்களைச் சீரழித்தமை வெளிப்பட்டு, 2018 ஜனவரியில் 150-க்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் அவருக்கெதிராகப் பேசினர். முறையிட்டவர்களை மூத்தோர் நெடுங்காலம் நம்பவில்லை என்பதே அவ்வழக்கின் கொடிய பகுதி.

அவ்வாறு பேசத் துணிந்த பெண்களின் தலைமுறையைச் சேர்ந்தவர் சிமோன் பைல்ஸ். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அணி இறுதிப் போட்டியின்போது முதலாவது தாவலிலேயே வானத்திற் தம் உடலின் திசையுணர்வு தவறியதை உணர்ந்து, எஞ்சிய கருவிகளினின்றும் அவர் விலகினார். அவரிடத்தில் ஜோர்டன் சைல்ஸும் சுனிசா லீயும் ஆடினர். அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. தம்மிடத்தை நிரப்ப ஆளிருந்தமையாலேயே கழுத்து முறியாமல் அவரால் விலக முடிந்தது.

அதே ஒலிம்பிக்கில், இலங்கையிலிருந்து சீருடற்பயிற்சிக்குச் சென்ற முதலாவது பெண்ணும் ஆடினார். 2003-இற் பிறந்த மில்கா கெஹானி 2018-இல் இளையோர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றவர். டோக்கியோவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற இருவருள் ஒருவர். இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் புதிதன்று. 1948-இல் டங்கன் வைற்றும் 2000-இற் சுசந்திகா ஜயசிங்கவும் ஓடிப் பெற்றனர். ஓடுவதற்குத் தெருவும் வயலும் உண்டு. சட்டத்திற் தொங்கிப் பழகத் தெருவில் இடமேது? மில்காவுக்கு அணியில்லை, மாற்றாளில்லை, கழித்துவிடத்தக்க ஆறாவது புள்ளியும் இல்லை. நான்கு கருவிகளையும் அவர் ஒருவரே ஆடி முடித்தார்.

அவருக்கு முன்னர் இந்தியாவின் திரிபுரா மாநிலத்து அகர்தலாவிலிருந்து தீபா கர்மாகரும் இவ்வாறே தனித்துச் சென்றவர். ஒலிம்பிக் சீருடற்பயிற்சிக்குத் தகுதிபெற்ற முதலாவது இந்தியப் பெண் அவரே. பயிற்றுநர் விசுவேசுவர் நந்தி தொடக்கத்திற் பழைய ஸ்கூட்டர் உறுப்புகளைக் கொண்டு தாவற் கருவியைச் செய்து பழக்கினார் என்பர். 2016-இல் ரியோவில், உலகில் மிகச் சிலரே துணியும் புரொதுனோவா தாவலை ஆடி 15.066 புள்ளி பெற்று நான்காமிடத்தை அடைந்தார். மூன்றாமிடத்துக்கும் அவருக்கும் இடையிலிருந்தது 0.150 புள்ளி.

கொழும்புப் பாடசாலைகளில் இல்லப் போட்டிகள் நெருங்கும் காலம் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் போட்டிக்காலம் தொடங்கும் காலத்தை அடுத்தே வருகின்றது. இங்கே அணி முன்னரே உண்டு: ஐம்பது அறுபது மாணவியர் ஒரே தாளத்துக்கு அசையப் பழகியவர்கள். அரங்கும் சட்டங்களும் பெருஞ்செலவினால் வருபவை, அவை பிந்தலாம். அமெரிக்க அணிகள் ஆண்டுதோறும் தம் வேலையைத் தொடங்கும் அந்தத் தரைக்கட்டையோ, 5 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு மரத்துண்டு. தச்சர் ஒருவரும் சிறிது சாக்குத்துணியும் இருந்தால் எந்தப் பாடசாலை முற்றத்திலும் அதனைக் கிடத்தலாம்.