சப்-இன்ஸ்பெக்டர்கள் இருவர் மோதிய தேர்தல்

2002 ஆகஸ்ட் 12. டெல்லியில் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலின் வாக்குகளை எண்ணி முடித்தார்கள். பைரோன் சிங் ஷெகாவத்துக்கு 454 ஓட்டு, சுஷில்குமார் ஷிண்டேவுக்கு 305. அன்றைக்கு ஆளுங்கூட்டணிக்கு இருந்த எம்.பி.க்களின் பலத்தைப் பார்த்தால் இது எதிர்பார்த்த முடிவுதான். ஆனால், நாட்டின் இரண்டாவது பெரிய பதவிக்கு மோதிய இந்த இருவருமே ஒரு காலத்தில் போலீஸ் இலாகாவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சம்பளம் வாங்கியவர்கள். இந்த வாரம் அவர்களோடு கொஞ்ச தூரம் நடப்போம். அப்படியே நம் தாம்பரம், பெரும்பாக்கம் பக்கமும் வந்து சேர்வோம்.

ஷெகாவத் ராஜஸ்தானில் சீகர் பகுதிக் கிராமத்துக்காரர். பயிர் வேலை பார்த்தார், சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். 1952-ல் ராஜஸ்தானின் முதல் சட்டமன்றத் தேர்தலிலேயே ஜெயித்து உள்ளே போனார். பின்னாளில் மூன்று முறை முதலமைச்சர். ஊருக்கு ஊர் ஆக ஏழ்மையான குடும்பங்களை முதலில் கைதூக்கிவிட வேண்டும் என்ற ‘அந்த்யோதயா’ திட்டத்தை 1970-களின் இறுதியில் ராஜஸ்தானில் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஷிண்டேயின் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். சோலாப்பூர் போர்வை நம் வீடுகளிலும் இருக்கும். அந்த மில் ஊரில்தான் 1941-ல் ஒரு ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். 1957-ல் சோலாப்பூர் செஷன்ஸ் கோர்ட்டில் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தார். டவாலி, அமீனா என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த வகை வேலை. நீதிபதிக்கு முன்னால் உட்கார உரிமையில்லாத, கட்டுகளைத் தூக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்கிற வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே காலேஜ் படிப்பை முடித்தார். 1965-ல் தேர்வெழுதி, மகாராஷ்டிர போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். எந்தக் கோர்ட்டில் சுவரோரம் நின்றாரோ, அதே மாதிரிக் கோர்ட்டுகளுக்கு இப்போது அதிகாரியாகப் போகலாம்.

பம்பாய் சி.ஐ.டி.யில் இருந்தபோது சரத் பவாரோடு பழக்கம் ஏற்பட்டது. அரசியலுக்கு வரச் சொல்லி அழைத்தவர் பவார். 1971-ல் ஷிண்டே வேலையை ராஜினாமா செய்தார். மாதச் சம்பளத்தையும் பென்ஷனையும் உதறிவிட்டு வெளியே வந்தவருக்கு எடுத்த எடுப்பில் சீட்டு கிடைக்கவில்லை. பின்னால் கர்மாலா தொகுதி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து, 1974-ல் மகாராஷ்டிர சட்டமன்ற உறுப்பினரானார். நிதியமைச்சராக ஒன்பது பட்ஜெட்டுகள் தாக்கல் செய்தார். துணைத் தலைவர் தேர்தலில் தோற்ற ஐந்தே மாதத்தில், 2003 ஜனவரியில், மகாராஷ்டிர முதலமைச்சர். பிறகு ஆந்திர கவர்னர், மத்திய மின்துறை அமைச்சர். 2012-ல் மத்திய உள்துறை அமைச்சர். ஒரு காலத்தில் மேலதிகாரிகளுக்கு சல்யூட் அடித்தவருக்கு இப்போது நாட்டின் போலீஸ் தலைவர்கள் எல்லாம் சல்யூட் அடித்தார்கள்.

மெச்சிக்கொள்ள மட்டும் இதைச் சொல்லவில்லை. வட இந்தியா முழுக்க இருண்டுபோன 2012 ஜூலை மின்தடை அவர் மின்துறையில் இருந்தபோது நடந்தது. உள்துறையில் இருந்த காலத்திலும் கடுமையான விமர்சனங்களைச் சந்தித்தார். ஆனால் இந்தத் தொடர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அடித்தட்டிலிருந்து சட்டமன்றம் வரை ஒருவர் வர எத்தனை படிகள் வேண்டியிருக்கின்றன? ஷிண்டேயின் கணக்கில் மூன்று. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு அரசு வேலை. தலை நிமிர்ந்து நடக்க ஒரு சீருடை. மூன்றாவது, கையைப் பிடித்து மேலே இழுக்க ஒரு கட்சி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1970-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் பிறந்தது. இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது ஆரம்ப கால வழக்கம். 2000-க்குப் பிறகு வழி மாறியது. கூவம், அடையாறு கரையோரத்திலும் நகரத்தின் பிற பகுதிகளிலும் இருந்த குடும்பங்களைத் தென்புறநகருக்கு அனுப்பினார்கள். துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர், அடுத்து செம்மஞ்சேரி, அதற்கும் அடுத்து எட்டு மாடிகளாகப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேல் வீடுகள். 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மக்கள் வாயில் இன்றும் ‘ஹவுசிங் போர்டு’தான்.

அந்த முகவரியின் பாரம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியும். இன்டர்வியூவில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும். ‘வீடு எங்கே?’ என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். இதற்குப் பயந்தே சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுக்கிற பிள்ளைகள் உண்டு. 2025 அக்டோபரில் கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்று வந்தபோது, அந்தப் பெண் தன் ஊர்ப் பெயரை உரக்கச் சொன்னதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகள் பலரின் கனவு காக்கிதான். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு முகவரி பார்த்து மார்க் போடாது. கிரவுண்டில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். ஸ்டாப் வாட்சுக்கு ஜாதியும் தெரியாது, பிளாக் நம்பரும் தெரியாது. 2022 ஜனவரி 1-ல் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் வந்த பிறகு, கமிஷனர் ஆபீஸ் என்பது இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர்ச் சங்கதியாகிவிட்டது.

ஆக, முதல் இரண்டு படிகளில் ஏற நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. மூன்றாவது படி?

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் சோழிங்கநல்லூர் தொகுதிக்குள் வருகின்றன. 2021 தேர்தலில் தமிழகத்திலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி அது; 6 லட்சத்துக்கும் மேல். ஹவுசிங் போர்டு ஓட்டைத் தேடித் தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சியும் மாடி ஏறுகிறது. வேட்பாளரைத் தேடி ஏறுகிறதா?

போலீஸிலிருந்து நம் சட்டமன்றத்துக்கு வந்தவர் என்றால் ஆர்.நட்ராஜ் நினைவுக்கு வருவார். 2016-ல் மயிலாப்பூரில் அ.தி.மு.க. சார்பில் வென்றவர். ஆனால் அவர் டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்றவர். ஐ.பி.எஸ். அதிகாரிக்குக் கட்சிகள் கதவைத் திறப்பது சுலபம். ஏட்டுக்கும் எஸ்.ஐ.க்கும் அது அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. பணியில் இருக்கும் காவலர் எந்தக் கட்சியிலும் சேரக் கூடாது. 1966-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால் வேலையை விட வேண்டும். வாடகைக்கும் பிள்ளைகளின் பீஸுக்கும் அந்தச் சம்பளத்தையே நம்பியிருக்கும் குடும்பத்தில், சீட்டு உறுதியில்லாமல் யார் ராஜினாமா கடிதம் எழுதுவார்? ஷிண்டே எழுதினார். அந்தத் துணிச்சலை ஒவ்வொருவரிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கட்சிகளிடம் ஒன்று கேட்கிறேன். எட்டாவது மாடியில் லிப்ட் ரிப்பேரானால் குடத்தோடு இறங்கி ஏறிய அனுபவமும், ஸ்டேஷனில் உட்கார்ந்து ஏழை ஜனங்களின் புகாரை எழுதிய அனுபவமும் சேர்ந்த ஒருவர் சட்டமன்றத்தில் பேசினால், அந்தப் பேச்சுக்குத் தனிக் கனம் இருக்கும். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். வேலையை விட்டு வரச் சொன்னால் கைவிடாதீர்கள். சட்டமன்றத்துக்குப் போட்டியிட அரசியல் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச வயது 25. அந்த வயதைத் தாண்டிய பிள்ளைகள் பெரும்பாக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

(தொடரும்)