பால் எக்மன்

பால் எக்மன் ஓர் அமெரிக்க உளவியலாளர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் 1972 முதல் 2004 வரை உளவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். மனித முகத்தில் தோன்றும் உணர்ச்சிகளை ஒளிப்படங்கள், திரைப்படச் சுருள்கள் ஆகியவற்றின் துணையுடன் ஆராய்ந்தவர்களுள் இவர் முதன்மையானவர். மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறு உணர்ச்சிகளின் முகக்குறிகள் எல்லாப் பண்பாட்டினருக்கும் பொதுவானவை என்பது இவரது முதன்மையான கருத்தாகும். இக்கருத்து பரவலாக ஏற்கப்பட்டதுடன், கடுமையான விவாதத்திற்கும் உள்ளாகியது.

வாழ்க்கைக் குறிப்பு

எக்மன் 1934 பெப்ரவரி 15 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை குழந்தை மருத்துவர். எக்மனுக்கு 14 வயதாக இருந்தபோது, உளநோயால் துன்புற்றிருந்த அவரது தாயார் தற்கொலை செய்துகொண்டார். உளநோயாளிகளுக்கு உதவவேண்டும் என்ற எண்ணத்தைத் தம்முள் ஏற்படுத்தியது இந்நிகழ்வே என்று பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டுள்ளார். இளமையிலேயே அவருக்கு ஒளிப்படக்கலையிலும் ஈடுபாடு இருந்தது.

15ஆவது வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்று 1954இல் இளங்கலைப் பட்டமும், அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் 1958இல் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்கத் தரைப்படையில் உளவியலாளராகச் சிறிது காலம் பணியாற்றியபின் ஆய்வுத்துறைக்குத் திரும்பினார்.

பின்புலம்

முகபாவங்களை ஒளிப்படத்தின் மூலம் ஆராயும் முறை எக்மனுக்கு முன்பே தோன்றியது. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், முகத்தசைகளை மின்னோட்டத்தால் தூண்டி, தோன்றிய பாவங்களைப் படமெடுத்து 1862இல் நூலாக வெளியிட்டார். சார்லஸ் டார்வின் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872இல் எழுதிய நூலில் இப்படங்கள் சிலவற்றையும், ஒளிப்படக் கலைஞர் ரெய்லாண்டர் எடுத்த படங்களையும் சேர்த்தார். உலகின் பல பகுதிகளில் இருந்தவர்களுக்கு டார்வின் வினாத்தாள் அனுப்பி விவரங்களைத் திரட்டினார். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஸ்காட் என்பவரும் அவருக்கு விவரங்கள் அனுப்பியவர்களுள் ஒருவர். முகபாவங்கள் மனிதகுலத்துக்குப் பொதுவானவை என்பதே டார்வினின் முடிவு.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு மாறான கருத்தே மானிடவியலாளரிடையே ஓங்கியிருந்தது. மொழியைப் போலவே முகபாவமும் அந்தந்தச் சமுதாயத்திடமிருந்து கற்றுக்கொள்ளப்படுவது என்று மார்கரெட் மீட், ரே பேர்ட்விசில் முதலியோர் கருதினர். 1960களில் உளவியலாளர் சில்வன் டாம்கின்ஸின் தொடர்பு ஏற்பட்டபின், இவ்வினாவை நேரடியாகச் சோதிக்க எக்மன் முற்பட்டார்.

நியூ கினியா ஆய்வு

எக்மனும் அவரது உடன் ஆய்வாளர் வாலஸ் ஃபிரீசனும் 3000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றும் ஒரே உணர்ச்சியைக் காட்டும் வகையில் 30 படங்களைத் தேர்ந்தெடுத்தனர். அமெரிக்கா, பிரேசில், ஜப்பான் முதலிய நாடுகளில் இப்படங்களைக் காட்டியபோது பெரும்பாலோர் ஒரே விடையை அளித்தனர். ஆனால் திரைப்படங்களையும் இதழ்களையும் பார்த்தே அவர்கள் இப்பாவங்களைக் கற்றிருக்கலாம் என்ற தடை எழுந்தது.

இத்தடையை நீக்க, வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த மக்களை நாட வேண்டியிருந்தது. எனவே நியூ கினியாவின் தென்கிழக்கு மலைப்பகுதியில் வாழ்ந்த ஃபோரே மக்களிடையே 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் ஆய்வு நடத்தப்பட்டது. திரைப்படம் பார்த்தவர்களும், ஆங்கிலமோ பிட்ஜின் மொழியோ அறிந்தவர்களும் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

எழுத்தறியாத மக்களிடம் உணர்ச்சிச் சொற்களின் பட்டியலைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இயலாது. ஆகவே சிறு கதைகள் சொல்லப்பட்டன. நண்பர்கள் வந்ததால் ஒருவர் மகிழ்ந்திருப்பது, குழந்தையை இழந்து வருந்துவது, கையில் கத்தியோ வில்லோ இல்லாமல் வீட்டில் தனித்திருக்கும்போது வாயிலில் காட்டுப்பன்றி வந்து நிற்பது ஆகியன அவற்றுட் சில. கதையைக் கேட்டவர், தம் முன் வைக்கப்பட்ட படங்களுள் பொருத்தமான முகத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு மூன்று படங்களும் சிறுவர்களுக்கு இரண்டு படங்களும் காட்டப்பட்டன. 189 பெரியவர்களும் 130 சிறுவர்களும் பங்குகொண்ட இவ்வாய்வின் முடிவுகள் 1971இல் வெளியாயின. பெரும்பாலோர் எதிர்பார்க்கப்பட்ட படத்தையே தேர்ந்தெடுத்தனர். ஆனால் அச்சத்தையும் வியப்பையும் அவர்கள் வேறுபடுத்தவில்லை.

இச்சோதனை மறுதலையாகவும் செய்யப்பட்டது. அதே கதைகளுக்கு ஃபோரே மக்கள் காட்டிய முகபாவங்கள் படம்பிடிக்கப்பட்டு அமெரிக்க மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. அவர்களும் அச்சம், வியப்பு நீங்கலாக ஏனையவற்றைச் சரியாகக் கண்டறிந்தனர். இக்கிராமத்தில் எக்மன் எடுத்த ஒளிப்படங்கள் 1980இல் 'மனிதனின் முகம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தன.

கற்பித்தலும் படச்சுருளும்

எக்மனின் ஆய்வு ஒன்று கற்பித்தலின்போது எழுந்த வினாவிலிருந்து தோன்றியது. தற்கொலை எண்ணத்தை மறைத்துத் தாம் நலமடைந்துவிட்டதாகக் கூறும் நோயாளி பொய் சொல்கிறாரா என்பதை எவ்வாறு அறிவது என்று உளநோய் மருத்துவமனைப் பணியாளர்கள் அவரிடம் கேட்டனர். அவரிடம் அப்போது விடை இல்லை. ஆனால் மருத்துவமனையில் நோயாளிகளுடன் நடந்த நேர்காணல்கள் படச்சுருளில் பதிவாகியிருந்தன.

அவற்றுள் ஒன்றில், 'மேரி' என்று புனைபெயரால் குறிக்கப்படும் பெண், தம் மனச்சோர்வு நீங்கிவிட்டதாகக் கூறி வார இறுதியில் வீட்டுக்குச் செல்ல அனுமதி கேட்டார். அனுமதி கிடைக்கும் முன்னரே, தாம் பொய் கூறியதாகவும் உயிரை மாய்த்துக்கொள்ள விரும்பியதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். படச்சுருளை இயல்பான வேகத்தில் பார்த்தபோது எதுவும் புலப்படவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, வருங்காலத் திட்டங்களைப் பற்றி மருத்துவர் கேட்ட இடத்தில் ஆழ்ந்த துயரம் ஒரு கணம் முகத்தில் தோன்றி, உடனே புன்னகையால் மறைக்கப்பட்டது தெரியவந்தது.

இத்தகைய கணநேரப் பாவங்கள் நுண்பாவங்கள் எனப்படுகின்றன. இவை நொடியில் 25இல் ஒரு பங்கு முதல் 5இல் ஒரு பங்கு வரையே நீடிக்கும் என்று எக்மன் குறிப்பிடுகிறார். ஹகார்ட், ஐசக்ஸ் ஆகியோர் 1966இலேயே இத்தகைய பாவங்களைப் பற்றி எழுதியிருந்தனர்.

முகத்தசை இயக்கக் குறியீட்டு முறை

முகபாவங்களைத் துல்லியமாக விவரிப்பதற்காக எக்மனும் ஃபிரீசனும் 1978இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டனர். சுவீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் யோட்ஷோவின் முந்தைய பணி இதற்கு அடிப்படையாக அமைந்தது. ஆய்வாளர்கள் தங்கள் முகத்தசைகளையே தனித்தனியாக அசைக்கப் பழகி, ஏற்படும் மாற்றங்களைப் பதிவு செய்தனர். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் தரப்பட்டது. எடுத்துக்காட்டாக, உதட்டோரங்கள் மேலெழுவது 12ஆம் இயக்கம். கன்னம் உயர்ந்து கண்ணோரம் சுருங்குவது 6ஆம் இயக்கம். இவ்விரண்டும் சேர்ந்து வரும் சிரிப்பு உண்மையான மகிழ்ச்சியைக் காட்டுவது எனக் கருதி, அதற்கு 'டுஷேன் புன்னகை' என்று பெயரிட்டார் எக்மன். இம்முறை 2002இல் திருத்தி வெளியிடப்பட்டது. அசைவூட்டத் திரைப்படத் துறையிலும் இது பயன்படுகிறது.

இதற்கு முன்னர், 1976இல், 110 கறுப்பு வெள்ளைப் படங்கள் அடங்கிய முகபாவத் தொகுப்பொன்றையும் இவ்விருவரும் வெளியிட்டிருந்தனர். உளவியல் ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்ட படத்தொகுப்புகளுள் இதுவும் ஒன்று.

தமிழ் மரபுடன் ஒப்பீடு

உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அதன் பொருளதிகாரத்தில் உள்ள மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் உவகை, அழுகை, வெகுளி, அச்சம், மருட்கை, இளிவரல் ஆகிய ஆறும் எக்மனின் ஆறு உணர்ச்சிகளுக்குப் பெரிதும் நெருக்கமானவை. எஞ்சிய நகை, பெருமிதம் ஆகியவற்றுக்கு ஒத்த உணர்ச்சிகளை எக்மன் 1990களில் விரிவாக்கிய பட்டியலில் காணலாம். எனினும் மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம் கூறுவது. எக்மனுடையது சோதனைவழி ஆய்வு. ஆகவே இரண்டும் ஒன்றே எனக் கொள்ள இயலாது.

எக்மனுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 2000ஆம் ஆண்டு தரம்சாலாவில் தலாய் லாமாவுடன் நடந்த உரையாடலில் கலந்துகொண்டார். இருவரும் இணைந்து எழுதிய நூல் 2008இல் வெளியானது.

விமரிசனங்கள்

எக்மனின் முடிவுகளுக்குப் பல மறுப்புகள் எழுந்துள்ளன. அவற்றுள் முதன்மையானவை:

படங்களில் உள்ளவை இயல்பாகத் தோன்றிய பாவங்கள் அல்ல. பெரும்பாலும் நடித்துக் காட்டப்பட்டவை.

சில விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையே உடன்பாட்டை மிகுதியாகக் காட்டுகிறது என்று ஜேம்ஸ் ரசல் 1994இல் வாதிட்டார்.

பப்புவா நியூ கினியாவின் டிரோபிரியாண்ட் தீவினர், மேலைநாட்டினர் அச்சம் எனக் கொள்ளும் முகத்தைச் சினம் அல்லது மிரட்டல் எனக் கொள்வதை 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஒருவரது முகத்தை மட்டும் கொண்டு அவரது உணர்ச்சியை நம்பத்தக்க வகையில் அறிய முடியாது என்று லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் பிறரும் 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வில் முடிவு கூறினர்.

இவ்விவாதம் கல்வியுலகுடன் நின்றுவிடவில்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையையும் முகக்குறிகளையும் கண்காணிக்கும் திட்டமொன்றுக்கு எக்மன் ஆலோசனை வழங்கினார். 2007 முதல் ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவிடப்பட்ட இத்திட்டம் பயனுள்ளது என்பதற்குப் போதிய சான்று இல்லை எனவும், அதற்கான நிதியைக் குறைக்கவேண்டும் எனவும் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2013இல் அறிக்கை அளித்தது. நுண்பாவம் ஓர் உணர்ச்சி மறைக்கப்படுவதைக் காட்டலாமே அன்றி, அதன் காரணத்தைக் காட்டாது என்பதை எக்மனும் தம் நூல்களில் வலியுறுத்தியுள்ளார். அஞ்சும் முகம் குற்றவாளியின் முகமாகவும் இருக்கலாம். தம்மை எவரும் நம்பமாட்டார்களோ என்று அஞ்சும் குற்றமற்றவரின் முகமாகவும் இருக்கலாம்.

நூல்களும் சிறப்புகளும்

பொய்யைக் கண்டறிதல் பற்றி 1985இலும், உணர்ச்சிகளை அறிதல் பற்றி 2003இலும் எக்மன் எழுதிய நூல்கள் பொது வாசகர்களிடையே புகழ்பெற்றவை. இரண்டாவது நூலில் தம் மகளின் ஒளிப்படங்களைக் கொண்டே முகபாவங்களை விளக்கியுள்ளார். டார்வினின் 1872ஆம் ஆண்டு நூலின் மூன்றாம் பதிப்பை 1998இல் குறிப்புரைகளுடன் பதிப்பித்தார். அமெரிக்க உளவியல் கழகம் 1991இல் அறிவியல் பங்களிப்புக்கான சிறப்பு விருதை இவருக்கு வழங்கியது. 2009 முதல் 2011 வரை ஒளிபரப்பான 'லை டு மி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இவரது ஆய்வுகளைத் தழுவி உருவாக்கப்பட்டதாகும்.