அப்பாவின் பத்மினியும் ஆயில் பிரஷர் முள்ளும்

எங்கள் மெட்டுகுடா அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நிற்கும் கார்களில் ஒன்றை மட்டும்தான் பிள்ளைகள் நின்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். அப்பாவின் 1988 மாடல் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். அம்மா போன பிறகு அப்பாவை ஈரோட்டிலிருந்து இங்கே வரச் சொன்னபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, "வண்டியும் வரும்" என்பதுதான். என்.ஓ.சி., ரீ-ரெஜிஸ்ட்ரேஷன், எஃப்.சி. என்று நான் அலைந்த கதையைத் தனிப் பதிவாகத்தான் போட வேண்டும். இன்றைக்கு வேறு கதை.

மூன்று வருடம் முன்பு, சித்திரை வெயிலில், பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். செகந்திராபாத் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சில்கல்குடா தாண்டியதும் எஞ்சினில் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். அப்பா "நிறுத்துடா, நிறுத்துடா" என்றார். நான் "வீடு பக்கத்துலதானேப்பா" என்றேன். அடுத்த அரை கிலோமீட்டரில் வண்டி தானாகவே நின்றது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. எரியவில்லையே என்றுதான் நானும் ஓட்டினேன்.

மெக்கானிக் பாய் வந்து சாவியைத் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை. பல்ப் ஃபியூஸ் ஆகி எத்தனை மாதமோ! "லைட் கா பரோசா நக்கோ சாப், காட்டா லகாலோ" என்றார். விளக்கை நம்பாதீங்க, முள்ளு போட்டுக்கங்க என்று அர்த்தம். எஞ்சினைப் பிரித்தால் பேரிங் எல்லாம் கோடு கோடாகக் கீறிக் கிடந்தது. கிராங்க் ஷாஃப்டைக் கடைசல் பிடித்து, ஆயில் பம்ப் மாற்றி, என் சம்பளத்தில் பாதி போனது. பணம் போனதைவிட, அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்ததுதான் வலித்தது. வண்டி இனி தேறாது என்றே அவர் முடிவு செய்துவிட்டார் போல.

அந்த இரண்டு நாளில்தான் இந்த முள்ளின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பி.காம். படித்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். படித்தால் கதை நம்ம பேட்டை வழியாகத்தான் போகிறது, அதாவது ரயில் வழியாக.

1800களின் நடுவில் ஐரோப்பாவில் நீராவி பாய்லர்கள் வெடித்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று பார்க்க உயரமான பாதரசக் குழாய்தான் இருந்தது. ஓடுகிற ரயில் எஞ்சினில் அதை எங்கே நட்டு வைப்பது? பாரிஸில் யூஜின் போர்டான் என்பவர் 1849-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பட்டறையில் சுருள் குழாய் ஒன்று தவறுதலாக நசுங்கிவிட்டதாம். அதை நிமிர்த்த உள்ளே அழுத்தம் கொடுத்தபோது சுருளே விரிந்து பிரிந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

விஷயம் அவ்வளவுதான். தட்டையாக நசுக்கிய பித்தளைக் குழாயைக் கொக்கி மாதிரி வளைத்து ஒரு முனையை மூடிவிட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் தட்டைக் குழாய் உருண்டையாகப் பார்க்கும், அதனால் வளைவு கொஞ்சம் நிமிரும். அந்தத் துளி அசைவைச் சின்னப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். கரண்ட் வேண்டாம், பல்ப் வேண்டாம். திருவிழாவில் ஊதினால் நீளுமே பேப்பர் பீப்பி, அதே தத்துவம். அமெரிக்காவில் இதற்கான உரிமையை ஆஷ்க்ராஃப்ட் என்பவர் 1852-ல் வாங்கினார். பிறகு உலகத்தில் இது இல்லாத பாய்லர் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், நிஜாம் ரயில்வே 1893-ல் ஆரம்பித்த லாலாகுடா ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நீராவிக் காலத்தில் அங்கே வந்துபோன எஞ்சின்களில் டிரைவர் கண் முன்னால் இருந்ததும் போர்டான் முள்தான். சென்னையில் சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரையே கட்டி ஓட்டினார். நம்ம ஊர் மோட்டார் சரித்திரமே பாய்லரில்தான் ஆரம்பிக்கிறது.

சரி, ஆவி அழுத்தம் புரிகிறது. எண்ணெய்க்கு எதற்கு அழுத்தம்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது.

1883-ல் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்ற எஞ்சினியர், ரயில் பெட்டியின் அச்சு பேரிங்கில் உராய்வு எவ்வளவு என்று சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டார். அச்சைச் சுற்றவிட்டால், ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே பொங்கி வந்தது! ஒரு மரத்தக்கையை அடித்து அடைத்தார். தக்கையையும் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிட்டது. கடைசியில் அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். பேரிங் மேல் இருந்த சுமை கணக்குப்படி சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டுதான். ஆனால் 200 வரை காட்டும் முள் அதையும் தாண்டிப் போய்விட்டது.

அர்த்தம் என்ன? சுற்றுகிற அச்சு, எண்ணெயைத் தானே இழுத்து ஆப்பு மாதிரி அடியில் செருகிக்கொண்டு, அந்த மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-ல் இதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் அதுதான் பாடம். நம் கார் எஞ்சினில் உள்ள பம்ப், அந்தப் படலத்துக்குத் தேவையான எண்ணெயை விடாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறது. டாஷ்போர்டு முள் காட்டுவது பம்ப் தரும் அழுத்தத்தை மட்டுமே. அது விழுந்தால் படலம் அறும், படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். சில்கல்குடாவில் நான் கேட்ட 'டக்... டக்...' அதுதான்.

ஆரம்பகாலக் கார்கள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு இல்லை. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் எண்ணெய் உள்ளே சிதறித் தெறிப்பதோடு சரி. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் இரண்டு சின்னக் குழாய்கள், திறந்தால் சொட்ட வேண்டும். பம்ப் வைத்த எஞ்சின்கள் பெருகியபோதுதான் ஆயில் முள்ளும் டாஷ்போர்டுக்கு வந்தது. ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி முள்ளுக்குப் பதில் எச்சரிக்கை விளக்கு வைத்தது. விளக்கு மலிவு, ஓட்டுபவர் எதையும் படிக்க வேண்டாம். கார்க்காரர்கள் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்றே பெயர் வைத்தார்கள். ஆனாலும் விளக்குதான் ஜெயித்தது. 1964 முதல் மும்பை குர்லாவில் தயாரான ஃபியட் 1100 டிலைட்டிலும், 1974-ல் அதற்கே பத்மினி என்று பெயர் மாறிய பிறகும், ஆயிலுக்கு விளக்குதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் அப்படியே.

விளக்கில் என்ன குறை என்கிறீர்களா? பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு அரை கிலோவுக்கும் கீழே போனால்தான் அது எரியும். ஓட்டத்தில் 3 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 1 கிலோ இருந்தாலும் விளக்கு மூச்சு விடாது. எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால், விளக்கு என்பது என்.பி.ஏ. 90 நாள் தவணை கட்டாமல் கணக்கு செத்த பிறகு சிவப்பு. முள் என்பது எஸ்.எம்.ஏ. லிஸ்ட். முதல் தவணை தவறியதுமே, "இந்த ஆசாமியைக் கவனி" என்று காட்டிவிடும்.

(முள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரில் 1990களின் நடுவில் நிஜ கேஜை எடுத்துவிட்டு, விளக்குக்கான அதே ஸ்விட்சை முள்ளோடு இணைத்தார்கள். அழுத்தம் கொஞ்சம் இருந்தாலும் முள் நட்ட நடுவில் நிற்கும். முள் ஏறி இறங்கினால் வாடிக்கையாளர் பயப்படுகிறாராம்!)

மூன்றாம் நாள் பாயையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ராணிகஞ்ச் போனேன். டிராக்டர் ஸ்பேர் கடையில் கிடைத்தது, கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்து, சுத்தமான போர்டான் கேஜ். கரண்டில் வேலை செய்யும் கேஜும் இருந்தது. அதில் ஒரு ஒயர் மட்டும்தான் உள்ளே வரும். மெக்கானிக்கல் கேஜில் சூடான எண்ணெயே மெல்லிய குழாயில் டாஷ்போர்டு வரை வரும், குழாய் விட்டால் கால் வெந்துவிடும். பாய் நைலான் குழாய் வேண்டாம் என்று செம்புக் குழாய் எடுத்தார். எஞ்சின் அதிர்வில் செம்பு இறுகி முறியாமல் இருக்க, நடுவில் இரண்டு சுற்றுச் சுருட்டி விட்டார். ஃபியட்டில் மெட்ரிக் மரை, கேஜில் அங்குல மரை. லேத் பட்டறையில் ஒரு 'டீ' கடைந்து, பழைய விளக்கு ஸ்விட்ச் ஒரு பக்கம், கேஜ் மறுபக்கம் என்று இரண்டையும் மாட்டினோம். புது பல்பும் போட்டாயிற்று. கூட ஒரு ஆள் டார்ச் பிடித்தால் மாட்டுவது அரை நாள் வேலைதான். டார்ச் பிடித்தது அப்பா.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 4 கிலோவுக்கு மேல் காட்டும். எண்ணெய் சூடாகி இளகியதும் ஓட்டத்தில் 3-க்கு வரும். மே மாதம் சிக்னலில் நிற்கும்போது 1-க்கு இறங்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எழும். மெட்டுகுடா மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே நெரிசலில் மாட்டினால், அப்பா கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பக்கத்து சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வருவார். "ஒன்றரை... ஒண்ணேகால்... ஏண்டா, ரேஸ் பண்ணாதே, பச்சை விழட்டும்." மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்தியது என்று பேப்பரில் வந்தபோது, அந்தச் செய்தியைக் கத்தரித்து கிளவ் பாக்ஸில் வைத்தார். போன வாரம் அதே கிளவ் பாக்ஸில் இன்னொரு பொருளைப் பார்த்தேன். பழைய ஃபியூஸ் போன பல்ப். எதற்குப்பா இது என்றேன். "இருக்கட்டும்" என்றார்.