இரைச்சல் எனப்பட்ட இரு இசைகள்

சில காலத்துக்கு முன் எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை, "இஃது இசையா, இரைச்சலா?" என்று கடிந்துகொண்டேன். அவன் பணிவுடன், "இது எங்கே பிறந்ததென்று தெரியுமா, ஐயா?" என வினவினான். வரலாறு கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அதனைத் தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

ஹெவி மெற்றல், றப் என்னும் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையான இசைகள் போலத் தோன்றும். முன்னதிலே மின்கிற்றாரே தலைமை வகிக்கும்; குரல் அதனோடு போட்டியிடும். பின்னதிலே சொல்லே தலைமை. இராகம் ஒதுங்கி நிற்க, தாளத்தின்மேல் இயைபு அமைந்த பேச்சு நடைபோடும். எனினும் பிறப்பை ஆராயுமிடத்து, இரண்டும் உறவினவே எனக் காண்கின்றோம்.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் ஆலைகள் நிறைந்த நகரம். 1965இல் அங்கு உலோகத் தகட்டு ஆலையொன்றில் வேலைசெய்த டொனி அயோமி என்னும் 17 வயது இளைஞனின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் கொய்துவிட்டது. இடக்கைப் பழக்கமுள்ள அவன் கிற்றார்த் தந்திகளை அழுத்தும் கை அதுவே. சோர்ந்திருந்த அவனுக்கு, தீக்காயத்தால் ஊனமுற்ற இடக்கையின் இரு விரல்களாலேயே வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ றைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஊக்கமளித்தது. அவன் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்தான். மெல்லிய தந்திகளைப் பூட்டினான். 1970 பெப்ரவரி 13ஆந் திகதி அவனது 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பின்னர்த் தந்திகளின் சுருதியையும் தாழ்த்தினான். ஒலி மேலும் கனத்தது.

இனி நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியை நோக்குவோம். 1948இல் தொடங்கிய பெருந்தெரு வேலையாற் பல்லாயிரவர் அங்கு வீடிழந்தனர். 1970களில் எரிந்த கட்டடங்கள் பல பாழாய்க் கிடந்தன. 1973 ஓகஸ்ட் 11ஆந் திகதி, செட்ஜ்விக் வீதி 1520ஆம் இலக்கக் கட்டடத்திலே, யமைக்காவிற் பிறந்த கிளைவ் கம்பல் என்னும் இளைஞர் தம் தங்கை ஏற்பாடுசெய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் கட்டணம். பாட்டினிடையே தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியிலேதான் கூட்டம் மிக ஆடுவதை அவர் அறிந்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி இயக்கி அப்பகுதியை நீட்டும் முறையை வளர்த்தார். அத்தாளத்தின்மேற் பேசியோர் வழியே றப் வளர்ந்தது. 1982இல் வெளிவந்த 'த மெசேஜ்' என்னும் பாட்டு வறிய தெருக்களின் துயரை ஊரறியச் செய்தது.

ஆகவே, ஒருவன் இழந்த விரலுக்கு உறை செய்தான்; மற்றவர் பழைய தட்டுகளையே வாத்தியமாக்கினார். இல்லாமையே இரண்டுக்கும் தாய்.

பழியும் பொதுவாயிற்று. 1985இல் அமெரிக்கச் செனற் சபை இத்தகைய பாட்டுகளை விசாரித்தது. 1990இல் ஜூடாஸ் பிறீஸ்ற் என்னும் மெற்றல் குழு தம் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமென்று பெற்றோர் தொடுத்த வழக்குத் தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டில் ரூ லைவ் குறூ என்னும் றப் குழுவின் இசைத்தட்டு ஆபாசமானதென்று புளோரிடாவிலே தீர்ப்பாயிற்று. 1992இல் மேல்நீதிமன்றம் அதனை மாற்றியது. இடையே 1991இல் அந்திராக்ஸ் என்னும் மெற்றல் குழுவும் பப்ளிக் எனிமி என்னும் றப் குழுவும் கூடிப் பாடின. 2018இல் றப் கலைஞர் கென்றிக் லமார் புலிற்சர் பரிசு பெற்றார்.

இப்பாட்டுகளின் சொற்கள் யாவும் ஏற்கத்தக்கன என்று நான் கூறவில்லை. கண்டிக்க வேண்டியவையும் உள. ஆனால் கண்டிக்குமுன் பிறப்பை அறிதல் கடமை. அம்மாணவனை அழைத்து, "உன் வினாவுக்கு விடை கண்டேன்" என்றேன். அன்று நாங்கள் இருவரும் அந்தப் பாட்டை முழுவதும் இருந்து கேட்டோம்.