வலிமையும் நம்பகமும்: காவல் பணியின் வாசல் கடந்து வந்த பாதை

வத்திராயிருப்புச் சாலையிலுள்ள நம் சுந்தரபாண்டியத்திலிருந்து கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் செல்வோர், அங்கே தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆம் அணி நிலைகொண்டிருப்பதை அறிவர். காவல் படை இத்துணை அருகில் இருந்தும், "போலீஸ் வேலை நமக்குச் சரிப்படாது" என்ற பேச்சு நம் வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. நம்மவர்களை எடுக்கமாட்டார்கள், தாடியை மழிக்கச் சொல்வார்கள், அந்த வேலையில் நேர்மையாக இருக்க முடியாது என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. இவற்றில் எது உண்மை, எது வெறும் அச்சம் என்பதை அறிய, காவல் பணியின் வாசலில் காலந்தோறும் எதை அளந்து ஆளை உள்ளே விட்டார்கள் என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மார்க்கம் வகுத்த இரு தகுதிகள்

மத்யன் நகரின் நீர்த்துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்கு மூஸா (அலை) அவர்கள் நீர் புகட்டிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவரைப் பணியில் அமர்த்திக்கொள்ளுமாறு பரிந்துரைத்தபோது, இரண்டு தகுதிகளையே எடுத்துரைத்தார்: வலிமை, நம்பகம். அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் இதைப் பதிவு செய்கிறது. எந்தப் பொறுப்புக்கும் ஆள் தேர்வதற்கான அளவுகோலாக அறிஞர்கள் இவ்விரு பண்புகளையும் எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

இரண்டில் ஒன்று மட்டும் போதாது. உண்மை பேசுவதில் உயர்ந்தவர் என்று புகழப்பெற்ற அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதை அளிக்கவில்லை. பதவி ஓர் அமானிதம், அதைச் சுமக்கும் வலிமை உம்மிடம் இல்லை என்று பரிவோடு உணர்த்தினார்கள். நேர்மை நிறைந்தவருக்கும் ஆளும் திறன் வேண்டும் என்பது இதன் பாடம்.

நபியவர்களின் காலத்திலேயே காவல் பொறுப்பின் சாயலைக் காண்கிறோம். ஆட்சியாளருக்குக் காவல் தலைவர் எப்படியோ, அப்படி நபியவர்களுக்குக் கைஸ் இப்னு ஸஅத் (ரலி) இருந்தார் என்று அனஸ் (ரலி) அறிவிப்பதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். பின்வந்த ஆட்சிகளில் 'ஷுர்தா' என்னும் காவல் அமைப்பும், சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் 'ஹிஸ்பா' என்னும் துறையும் வளர்ந்தன. 1058இல் மறைந்த இமாம் மாவர்தீ தம் ஆட்சியியல் நூலில், ஹிஸ்பா அதிகாரிக்கு நீதியும் உறுதியும் அறிவும் வேண்டும் என்றார். பிறர் வீட்டுக்குள் மறைந்திருப்பவற்றைத் துருவி ஒற்றறியலாகாது என்றும் வரம்பு கட்டினார். யாரை எடுப்பது என்பதோடு, எடுத்தவர் எதைச் செய்யலாகாது என்பதும் அன்றே வகுக்கப்பட்டிருந்தது.

பிறப்பால் கிடைத்த காவல்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. பாளையக்காரர் காலத்தில் இங்கே காவல் என்பது பரம்பரை உரிமை. ஊரளவில் தலக்காவலும், பரந்த பகுதிக்குத் தேசக்காவலும் இருந்தன. ஊரார் காவற்கூலி தந்தனர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ, ஈடு தருவதோ காவல்காரரின் கடமை. ஈடு தரும் பொறுப்பு நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாசலில் அளக்கப்பட்டது பிறப்பு ஒன்றே.

1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்த கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கான், சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கித் திறமையால் உயர்ந்தவர். கொள்ளையை ஒடுக்கி ஒழுங்கை நிலைநாட்டிய அவர், ஆங்கிலேயரோடும் ஆற்காட்டு நவாபோடும் முரண்பட்டு 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். நம் ஊருக்கு அருகிலுள்ள கான்சாபுரத்தின் பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

பாளையக்காரர் போர்களுக்குப் பின் பரம்பரைக் காவல் முறையைக் கம்பெனி ஆட்சி ஒடுக்கியது. 1816இன் ஒழுங்குமுறைச் சட்டம் காவலைக் கலெக்டர், தாசில்தார், ஊர்த் தலைவர் கையில் ஒப்படைத்தது. வரி வசூலிப்பவரே காவலரும் ஆனார். விளைவு, வரி கொடாதவர் வதைக்கப்பட்டார். 1855இல் சித்திரவதை குறித்த விசாரணைக் குழுவின் அறிக்கை இக்கொடுமைகளை அம்பலப்படுத்தியது. அதன் பிறகே, சென்னை மாகாணத்தின் 1859ஆம் ஆண்டு 24ஆம் சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார்.

துறை பிறந்தது, தரம் பிறக்கவில்லை. 1902இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் அமைந்த காவல் ஆணையம், குறைந்த ஊதியத்தையும் கல்வியின்மையையும் ஊழலையும் சுட்டிக்காட்டியது. படித்தவர்களை நேரடியாக உதவி ஆய்வாளராக எடுக்க வேண்டும், அனைவருக்கும் முறையான பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறப்பை அளந்த வாசல், கல்வியை அளக்கத் தொடங்கியது.

வேலூர்க் கோட்டையும் தாடியும்

காவலர் பயிற்சிப் பள்ளி அமைந்த இடங்களுள் வேலூர்க் கோட்டையும் ஒன்று. திப்பு சுல்தானின் குடும்பத்தார் சிறைவைக்கப்பட்டிருந்த அதே கோட்டை. 1806 ஜூலை 10ஆம் நாள் அங்கே இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று, முந்தைய ஆண்டின் சீருடை ஆணை. அது நெற்றியில் சமயக்குறி அணிவதையும் தாடி வைப்பதையும் தடுத்தது, புதுவகைத் தலைப்பாகையைத் திணித்தது. சீருடையும் நம்பிக்கையும் மோதினால் என்ன ஆகும் என்பதை அக்கோட்டை அன்றே கண்டது.

சுதந்திர இந்தியா வேறு பாதையை எடுத்தது. 1957ஆம் ஆண்டின் சென்னைக் காவல் அரசிதழ், முஸ்லிம் காவலர்கள் சீராகக் கத்தரித்த தாடியுடன் பணியாற்ற அனுமதித்தது. ஆயினும் மதுரையில் ஒரு காவலர் 2018இல் மக்காவுக்குச் சென்று திரும்பியபின், தாடி வைத்திருந்ததற்காகவும் விடுப்பு தொடர்பாகவும் நடவடிக்கைக்கு உள்ளாகி, ஊதிய உயர்வை இழக்கும் தண்டனை பெற்றார். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, 1957ஆம் ஆண்டு அனுமதியைச் சுட்டிக்காட்டி அத்தண்டனையை நீக்கியது. துறைக்குக் கண்டிப்பான ஒழுங்கு தேவை என்பதை ஏற்றுக்கொண்டே, தாடிக்காகச் சிறுபான்மையினரைத் தண்டிக்க அந்த ஒழுங்கு இடம் தராது என்றது. உரிமை ஏட்டில் இருந்தது. அதை அறிந்து முறைப்படி கேட்க ஒருவர் தேவைப்பட்டார்.

இன்றைய வாசல்

1991இல் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், உதவி ஆய்வாளருக்குப் பட்டமும் வேண்டும். அண்மைய அறிவிக்கைகளின்படி, காவலர் பணிக்கு வயது 18 முதல் 26 வரை. இஸ்லாமியப் பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மேல்வரம்பு 28. அவ்வகுப்பினருள் ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. ஆண்களின் மார்பளவு 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுக்கையில் 5 செ.மீ. விரிய வேண்டும்.

முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு. அதில் 40 விழுக்காடு பெறாதவரின் அடுத்த விடைத்தாள் திருத்தப்படாது. அடுத்தது பொது அறிவும் உளவியலும் கொண்ட முதன்மைத் தேர்வு. பின்னர் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் ஓடி முடிக்க வேண்டும். ஆண்களுக்குக் கயிறேற்றமும், இருபாலர்க்கும் தாண்டுதல் போன்ற உடல்திறன் போட்டிகளும் உண்டு. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு என்பதால், பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளை அவற்றில் சேர்ப்பது பயன் தரும். விண்ணப்பிக்கும்போது நடப்பு அறிவிக்கையைப் படித்து அளவுகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம் பெண்மக்களும் இவ்வாசலைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பெண்கள் 1973இல் காவல் பணியில் சேர்க்கப்பட்டனர். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. துன்பத்தோடு காவல் நிலையம் ஏறும் ஒரு முஸ்லிம் பெண், தன் நிலையறிந்த ஒரு பெண் அதிகாரியைக் கண்டால் எத்துணை ஆறுதல் அடைவாள்!

"நம்மவர்களை எடுக்கமாட்டார்கள்" என்ற குறை முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டின் காவலர்களுள் முஸ்லிம்களின் பங்கு 6 விழுக்காடு எனக் கண்டது. 2001 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் நம் பங்கோ 13.4 விழுக்காடு. ஆனால் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இஸ்லாமியப் பிற்படுத்தப்பட்டோருக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியிருக்கிறது. அந்த இடங்களுக்குப் போட்டியிட நாம் தயாராக வேண்டாமா? வகுப்புச் சான்றிதழைக் கடைசி நாளில் தேடும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

நாடாவால் அளக்க முடியாதது

வலிமையை நாடாவும் கடிகாரமும் அளந்துவிடும். நம்பகத்தை அளக்க அரசிடம் இருப்பது முன்வரலாற்று விசாரணை. தமிழகக் காவல் பணி விதிகளின்படி, குற்ற வழக்கில் தொடர்புடையவர் தகுதி இழக்கிறார். சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுகிறார். விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதும் வேலையைப் பறிக்கும். தெருச் சண்டையில் கைநீட்டும் இளைஞன் தன் சீருடையை அன்றே கழற்றிவிடுகிறான் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அதற்கு மேலுள்ள நம்பகத்தை எந்த வாரியமும் அளக்க முடியாது. லஞ்சத்தை மறுக்கும் கை, காவலில் இருப்பவர்மீது ஓங்காத கை, வேற்றுச் சமயத்தவர் புகாரையும் தன் வீட்டுப் புகாராக எண்ணும் மனம் ஆகியவை வீட்டிலும் மத்ரஸாவிலும் உருவாகின்றன. "அந்த வேலையில் நேர்மையாக இருக்க முடியாது" என்று நல்லவர்கள் ஒதுங்கினால், அந்த நாற்காலி காலியாக இருக்கப் போவதில்லை. வேறொருவர் அமர்வார், அவர் முன்னே நாம்தான் மனுவோடு நிற்போம்.

ஃபஜ்ருக்கு எழும் பிள்ளைக்கு மைதானம் தூரமில்லை. தொழுதுவிட்டு ஓடப் பழகட்டும், மாலையில் புத்தகம் எடுக்கட்டும். வலிமையை மைதானம் தரும், நம்பகத்தை நாம் தந்தனுப்புவோம். அவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.