தட்டைப் புழுவின் இருவகை இனப்பெருக்கம்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

ஓடைகளிலும் குளங்களிலும் கற்களின் அடியே மறைந்து வாழும் பிளனேரியா என்னும் சிறிய தட்டைப் புழுவை விலங்கியல் கற்போர் அனைவரும் அறிவர். அதனைத் துண்டு துண்டாக வெட்டினும் ஒவ்வொரு துண்டும் முழுப்புழுவாக வளரும் என்பதே அதன் புகழுக்குக் காரணமாகும். எடின்பரோ நகரத்து யோன் கிரகாம் டலியெல் 1814ஆம் ஆண்டிலேயே இவ்வாற்றலை விரிவாக எழுதி வெளியிட்டார். பிற்காலத்திற் பழ ஈக்களை ஆராய்ந்து பெரும் பெயர் பெற்ற தோமஸ் ஹன்ற் மோர்கனும் 1898ஆம் ஆண்டளவிற் பிளனேரியாவையே கத்தியும் கையுமாக ஆராய்ந்து கொண்டிருந்தார். ஆயினும், மனிதன் வெட்டாமலே இப்புழு தன்னைத்தான் இரண்டாக்கிக் கொள்கின்றது என்பதும், அதே இனத்துப் புழு வேறொரு வேளையில் முட்டையிட்டுப் பெருகுகின்றது என்பதும் அத்துணைப் பேசப்படுவதில்லை. அவ்வரலாறே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளாகும்.

பிளவுறும் புழு தன் பிற்பகுதியைக் கல்லோடு இறுக ஒட்டவைத்து, முற்பகுதியால் முன்னோக்கி இழுக்கின்றது. உடல் நீண்டு மெலிந்து ஈற்றில் அறுகின்றது. தலையுடைய பாதி வாலை வளர்க்க, வாற்பாதி தலையை வளர்த்துக் கொள்ளும். இஃது இலிங்கமில்முறை. இலிங்கமுறையிலோ, ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கேயுடைய இரு புழுக்கள் கூடி, முட்டைகள் அடங்கிய கூட்டினை இடுகின்றன. பிளவுறும் புழுவை அறுத்துப் பார்ப்பின் அதனுள் சூலகமும் விதையும் புணர்ச்சியுறுப்பும் முதிர்ந்த நிலையிற் காணப்படா. எனவே இவை இருவேறு குலங்களா, அன்றி ஒரே உடல் கொள்ளும் இருவேறு நிலைகளா என்னும் வினா எழுந்தது.

ஈரற் புழு முதலிய ஒட்டுண்ணித் தட்டைப் புழுக்களில் இவ்வினாவுக்கு இடமில்லை. அவற்றின் வாழ்க்கை வட்டத்தில் இருவகைப் பெருக்கமும் ஒழுங்காக மாறி மாறி வரும் என்பதை தென்மார்க்கு நாட்டு ஸ்ரீன்ஸ்ற்றப் 1842ஆம் ஆண்டிலே தலைமுறை மாற்றம் என்னும் கொள்கையாக நிறுவினார். பிளனேரியாவிலோ அத்தகைய கட்டாய வட்டம் இல்லை. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பிளனேரியா மக்குலாற்றாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கேர்ட்டிஸ், சில நீர்நிலைகளில் அப்புழு பிளவினால் மாத்திரமே பெருகுவதைக் கண்டார். 1921ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு வண்டல் வெப்பநிலை முதலிய புறக்காரணங்களைப் பரிசோதித்தார். பட்டினி கிடக்கும் புழு தன் இலிங்க உறுப்புக்களையே கரைத்துக்கொள்ளும் என்பதும் அறியப்பட்டது. இவற்றையெல்லாம் நோக்கியோர் குளிரும் வெப்பமும் உணவுமே அனைத்தையும் தீர்மானிக்கின்றன என எண்ணியிருப்பின் அதில் வியப்பில்லை.

அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் ரோமன் கென்க் ஆவார். அவர் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே இனத்தைச் சேர்ந்த இரு வழிகளை ஆய்வுகூடத்தில் ஒத்த சூழலில் வளர்த்தபோதும், ஒன்று பருவந்தோறும் முட்டையிட, மற்றையது பிளந்தே பெருகிற்று எனக் காட்டினார். (கேர்ட்டிஸ் கண்ட அதே புழுதான் இது. மக்குலாற்றா, யூபிளனேரியா, துகேசியா, சிராதியா என அதன் பெயர் மாறி வந்தமை நூல்களைப் படிப்போருக்கு ஓயாத தொல்லை.) எனவே வேறுபாடு புழுவின் உள்ளேயும் உளது என்பது தெளிவாயிற்று. ஆனால் உள்ளே இருப்பது மாற்றமுடியாத விதியா?

1941ஆம் ஆண்டில் கென்க் இதற்கு அழகியதொரு பரிசோதனையால் விடை கண்டார். பிளனேரியாவின் சூலகங்கள் தலையை அடுத்தும், புணர்ச்சியுறுப்பு வாயின் பின்னும் அமைந்துள்ளன. அவர் இலிங்கமுறைப் புழுவின் முற்பகுதியையும் இலிங்கமில்லாப் புழுவின் பிற்பகுதியையும் ஒட்டவைத்தார். ஒருபோதும் இலிங்க உறுப்பைக் காணாத அப்பிற்பகுதியிலே புணர்ச்சியுறுப்பு தோன்றி வளர்ந்தது. குளிரும் வெப்பமும் அல்ல, அயல் உடலிலிருந்து வந்த ஏதோ ஒன்றே அதனைத் தூண்டியது. ஆற்றல் அவ்வுடலில் உறங்கிக் கிடந்தது, தூண்டுகோலே இல்லாதிருந்தது.

அத்தூண்டுகோல் ஒரு பொருளாயின், அதனை உணவாக ஊட்டவும் இயலுமன்றோ? இவ்விடத்தில் ஒரு கிளைக்கதையைக் கூறாது செல்ல இயலவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்து மக்கொனல் 1962ஆம் ஆண்டில், பயிற்றப்பட்ட பிளனேரியாக்களை நறுக்கிப் பயிற்றப்படாத புழுக்களுக்கு ஊட்டியபோது அவை விரைவிற் கற்றன என எழுதினார். நினைவையே உண்ணலாம் என்னும் செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் வேறு ஆய்வுகூடங்களால் அதனை உறுதிப்படுத்த முடியவில்லை, கொள்கை வீழ்ந்தது. அதே புழு, அதே ஊட்டல் முறை. எனினும் இலிங்கத் தூண்டல் பற்றிய பரிசோதனைகள் நிலைத்தன. இத்தாலியிலே கிராசோவும் பெனாசியும் 1973ஆம் ஆண்டில் முதிர்ந்த இலிங்கமுறைப் புழுக்களை ஊட்டிப் பிளவுறும் புழுக்களில் இலிங்க உறுப்புக்களைத் தோற்றுவித்தனர். யப்பானிலே சக்குராய் 1981ஆம் ஆண்டில் இலிங்கமுறையினால் மாத்திரம் பெருகும் வேறோர் இனப்புழுவை ஊட்டி அதே பயனைக் கண்டார். பயின்றதா இல்லையா என்பது புழு உடலைச் சுருக்குவதையோ திருப்புவதையோ பார்ப்பவரின் கணிப்பில் தங்கியது. சூலகமோ நுணுக்குக்காட்டியின் கீழ் எவர் கண்ணுக்கும் தெரிவது. நிலைபேற்றுக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

1999ஆம் ஆண்டில் கொபயாசி, ஹோசி முதலியோர் இதனைச் செவ்வையான அளவைமுறையாக்கினர். ஒக்கினாவாவிலிருந்து பெறப்பட்டுப் பிளவினாலேயே பெருகிவந்த துகேசியாவுக்கு நாடோறும் இலிங்கமுறைப் புழுவை ஊட்டி, மாற்றத்தை ஐந்து படிகளாக வகுத்தனர். முதலிற் சூலகம் பெருக்கின்றது. பின்னர்ப் புணர்ச்சியுறுப்பு அரும்புகின்றது. இறுதியில் மஞ்சட்கருச் சுரப்பிகள் முதிர்கின்றன. இரண்டாம் படிக்குள் ஊட்டலை நிறுத்தினாற் புழு பழைய நிலைக்கே மீளும். மூன்றாம் படியை அடைந்துவிட்டாலோ, ஊட்டாவிடினும் அது தானே முதிர்ந்துவிடும். தூண்டும் பொருளைத் தானே ஆக்கத் தொடங்கிவிடுகின்றது. இருவகைப் பெருக்கத்துக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு எங்கே கிடக்கின்றது என்பதை முதன்முறையாகச் சுட்டிக்காட்டியமையே இவ்வாராய்ச்சியின் சிறப்பாகும்.

கென்க் ஊகிக்க வைத்த உறங்கும் ஆற்றலின் இருப்பிடமும் பின்னர் வெளிப்பட்டது. நானோசு என்னும் பரம்பரையலகு தொழிற்படும் மூலவுயிர்க்கலங்கள் இலிங்கமில்லாப் புழுக்களிலும் உள்ளன என்பதை 2007ஆம் ஆண்டில் நியூமாக்கும் அவருடன் ஆராய்ந்தோரும் அறிவித்தனர். அக்கலங்கள் முதிராது காத்திருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் அவர்களது ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கொலின்ஸ், நரம்புக் கலங்கள் ஆக்கும் சிறு புரதமொன்றைத் தடுத்தபோது முதிர்ந்த புழுவின் இலிங்க உறுப்புக்களும் ஒடுங்கிப் பின்வாங்குவதைக் கண்டார். ஆகவே இலிங்க நிலையை அடைதற்கு மட்டுமன்றி அதில் நிலைத்தற்கும் ஏவல் வேண்டும்.

ஊட்டிய புழுவில் இருந்த பொருள் யாது? 2017ஆம் ஆண்டில் யப்பானியர் அதில் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். நாம் உண்ணும் புரதங்களில் உள்ள திரித்தோபன் என்னும் அமினோவமிலமே அது; எனினும் புரதங்களிற் காணப்படும் வடிவிலும் அதன் கண்ணாடி விம்பம் போன்ற வலக்கை வடிவமே சூலகத்தைத் தோற்றுவிப்பதில் மிக வலியது. அதனால் மட்டும் புழு முழுமையாக முதிர்வதில்லை. ஏனைய படிகளுக்கு வேறு பொருள்களும் வேண்டப்படுகின்றன.

கொலின்ஸ் பின்னர் பிளனேரியாவை விட்டு, மனிதர் கோடிக்கணக்கானோரை வருத்தும் சிஸ்ரோசோமா என்னும் குருதிப் புழுவை ஆராயச் சென்றார். அப்புழுவிற் பெண், ஆணோடு சேர்ந்தாலன்றி முதிர்வதில்லை, முட்டையிடுவதில்லை. நோயை விளைப்பனவோ அம்முட்டைகளே. ஆண் புழு பெண்ணுக்கு வழங்கும் தூண்டுபொருளை 2022ஆம் ஆண்டில் அவரது குழுவினர் கண்டறிந்தனர். அதன் மூலக்கூறின் ஒரு பாதி திரித்தமின். அது திரித்தோபனிலிருந்தே பிறப்பது.